ஒப்புதல் படிவம்

அழகர் ஆற்றில் இறங்கிய மூன்றாம் நாள்
சாப்பாட்டு மேசையில் மூன்று நோட்டீஸ்.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
மூன்றுக்கும் மேலே ஒரே ஊறுகாய்ப் பாட்டில்.

முதலாவது ரிஷிகேஷ், பன்னிரண்டு நாள்.
படகில் நனைந்து சிரிக்கும் பிள்ளைகள்.
'உங்கள் குழந்தைக்குள் ஒரு தலைவர்' என்று போட்டிருந்தது.
நிவேதிகா ஏழாம் வகுப்பில் லீடர்.
பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத மறுத்துப்
பதவி போனவள்.

இரண்டாவது ஆனையூரிலேயே, நாலு நிறுத்தம் தள்ளி.
ரோபோ செய்யச் சொல்லித்தருவார்கள். ஏசி உண்டு.
அவள் அப்பாவுக்குப் பிடித்தது அதுதான்:
ஆறு மணிக்குப் பிள்ளையும் வீட்டில், ரோபோவும் வீட்டில்.

மூன்றாவது மேகமலை. ஐந்து நாள், ஒன்பதாயிரம்.
கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தது,
மலை இருந்த இடத்தில் மை மட்டும் இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து மேலே வைத்து
பாட்டிலை அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன்.
புரை எடுக்க வருகிறவர்களுக்கு எல்லாம் விளக்கிக்
கையெழுத்து வாங்குகிற வேலை.
'ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகலாம்' என்பேன்.
உசிலம்பட்டிக்காரர் ஒருவர் கேட்டார்:
'அந்த ஒருத்தன் வந்துட்டுப் போயிட்டானா,
இனிமேத்தான் வரணுமாம்மா?'

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன்.
ரிஷிகேஷ்காரர், 'மேடம், ஜீரோ ரிஸ்க்' என்றார்.
நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.
மேகமலைக்காரர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.
'அட்டை கடிக்கும் மேடம். எல்லாரையும் கடிக்கும்.
போன வருஷம் ஒரு பையன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுச்சு,
சின்னமனூர் கொண்டுபோக ரெண்டரை மணி நேரம்.
பொண்ணுங்க அறையில ரெண்டு டீச்சர் படுப்பாங்க.
குளியலறைத் தாழ்ப்பாள் ஒண்ணு சரியில்ல, மாத்தணும்.'
'மாத்திட்டீங்களா?'
'இன்னும் இல்ல.'

அந்த 'இன்னும் இல்ல'வுக்கு
ஒன்பதாயிரம் கட்டலாம் என்று தோன்றியது.
அவள் அப்பாவுக்கு இதை விளக்க முடியவில்லை.
'அட்டை கடிக்கும்னு சொல்றவன்கிட்டயா அனுப்புவ?'
ஆமாம் என்றேன்.
அவர் ரோபோ நோட்டீசில் கத்தரிக்காய் நறுக்கினார்.
வியாழக்கிழமை புதுத் தாழ்ப்பாளின் படம் வந்தது,
திருகாணியோடு ஒரு கட்டைவிரலும்.

படிவம் நாலு பக்கம்.
ரத்த வகை தெரியும். தடுப்பூசிகள் தெரியும்.
மலைப்பாதையில் வாந்தி வருமா?
ஆறு வயதில், பழமுதிர்சோலை ஏறும்போது
என் மடியில் வந்தது. இப்போது தெரியாது.
தூக்கத்தில் பேசுவாளா?
அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஆரம்பித்து
இரண்டு வருஷமாகிறது.
எதற்குப் பயப்படுவாள்?
கரப்பான் என்று எழுதி அடித்தேன்.
இருட்டு என்று எழுதினேன்.
அது நான். அதையும் அடித்தேன்.

அவளிடமே நீட்டினேன். நின்றபடியே நிரப்பினாள்.
வாந்தி: வரும். ஜன்னலோரம் போதும்.
தூக்கத்தில் பேச்சு: எனக்கெப்படித் தெரியும்?
பயம்: நான் பதில் சொல்வதற்குள்
எனக்காக வேறு யாராவது சொல்லிவிடுவது.

கடைசியில் பெற்றோர் கையெழுத்து,
'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்கு அடியில்.
தினமும் இருபது பேருக்கு நான் விரல் வைத்துக் காட்டும் இடம்:
இங்க போடுங்க, அவசரமில்ல.
பேனா முதல் தடவை எழுதவில்லை.
அவள் தன் பேனாவைத் தந்தாள்.

ஆரப்பாளையம், காலை நாலரை.
ஜன்னலோரத்தில் ஏற்கெனவே
பூக்கூடையை மடியில் வைத்த ஒருவர்.
நான் படியில் கால் வைத்தேன், வாயைத் திறந்தேன்.
'அண்ணே, எனக்கு வாந்தி வரும், கொஞ்சம் மாறிக்கிறீங்களா?'
பஸ் முழுக்கக் கேட்டது அவள் குரல்.
கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் எழுந்தார்.

திறந்த வாய்க்கு
ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.